‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியவள் நான்

‘தாய் ஒத்துழைக்கவில்லை.’ குழந்தைகள் நலப் பணியில் இருந்த 16 வருடத்தில் இந்த வரியை எத்தனை ஃபைலில் எழுதியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. எழுத ரொம்ப வசதியான வரி. மேலதிகாரிக்குப் புரியும், நீதிமன்றத்துக்குப் புரியும், யாரும் திருப்பிக் கேள்வி கேட்க மாட்டார்கள். தேதி கொடுத்தோம், வரவில்லை. வேறென்ன எழுதுவது?

ஒரே ஒரு குடும்பத்தின் ஃபைலில் மட்டும் அதை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் 9 முறை. அதில் நான்கு என்னுடைய கையெழுத்து. ஏன் எண்ண வேண்டி வந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு அம்மா, 9 வயதில் பையன், 4 வயதில் பெண். அப்பா விட்டுப்போய் இரண்டு வருடம். அம்மாவுக்கு இரவு ஷிப்டில் துப்புரவு வேலை. ஒரு நாள் இரவு பிள்ளைகள் இரண்டு பேரும் தனியாக இருக்கிறார்கள் என்று யாரோ புகார் கொடுத்தார்கள். போய்ப் பார்த்தோம், உண்மைதான். பிள்ளைகள் தற்காலிகக் காப்பகத்துக்குப் போனார்கள். விசாரித்ததில் மற்றதும் வெளியே வந்தது. பையன் பள்ளிக்கு அடிக்கடி மட்டம். பெண் பாலர் வகுப்பில் ‘சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை, வீட்டில் கண்டிப்பு போதாது’ என்று ஆசிரியை எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுப் பாதியில் நிறுத்தியிருந்தார்.

பிள்ளைகள் திரும்பி வர என்னென்ன செய்ய வேண்டும் என்று நான் ஒரு திட்டம் தயாரித்தேன். 11 வேலைகள். பெற்றோர் பயிற்சி வகுப்பு, கவுன்சிலிங், மனநல மருத்துவர், பெண்ணுக்குச் செவித்திறன் பரிசோதனை, பள்ளிக்கூட்டம், காப்பகத்தில் வாரம் இரண்டு சந்திப்பு என்று நீண்டது. அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அப்போது அது எனக்கு அலட்சியமாகப் பட்டது. பிள்ளைகள் நம் கையில் இருக்கும்போது நாம் நீட்டுகிற காகிதத்தை உட்கார்ந்து படிக்கிற தைரியம் யாருக்கு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான்காவது மாதம் ஒரு நாள், சொன்ன தேதிக்கு மறுநாள் வந்து நின்றார். நான் திட்டுவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் பையைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தார். மடித்து மடித்துக் கிழிந்த சீட்டுகள். மருத்துவமனைச் சீட்டு, கவுன்சிலர் சீட்டு, பள்ளியிலிருந்து வந்த கடிதம், நீதிமன்றச் சம்மன், காப்பகத்தின் நேர அட்டவணை. “நீங்களே சொல்லுங்க மேடம், நான் எதுக்குப் போறது?”

ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக் கட்டம் போட்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நிரப்பினேன். அந்தப் புதன்கிழமை இப்படி இருந்தது: காலை 6 மணிக்கு ஷிப்ட் முடிகிறது. 10 மணிக்குப் பயிற்சி வகுப்பு. 10.30க்கு ஊரின் இன்னொரு கோடியில் செவித்திறன் பரிசோதனை. 11.30க்குக் காப்பகத்தில் சந்திப்பு. எதற்குப் போனாலும் மற்ற இரண்டில் ‘வரவில்லை’ என்று விழும். அடுத்த புதனும் அதேதான். இரண்டு சீட்டில் நேரத்தை எழுதியிருந்தது என் கையெழுத்து.

அவர் எதற்குப் போனார் என்று பின்னால் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கிறார். அதனால் பரிசோதனை இரண்டு மாதம் தள்ளிப்போனது. கடைசியில் பார்த்தபோது பெண்ணுக்கு இரண்டு காதிலும் நடுச்செவியில் நீர் கோத்திருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதுதான், ஆனால் காது சரியாகக் கேட்காது. சொன்ன பேச்சைக் கேட்காத குழந்தை என்று எழுதியிருந்தோமே, அதுதான் காரணம்.

அன்றைக்குத்தான் அந்த ஃபைலை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, அந்த வரி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணினேன்.

குடும்பத்தோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நடக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அலுவலகங்கள் முதலில் ஒன்றோடொன்று பேச வேண்டும். ஐந்து அலுவலகம் ஐந்து திட்டம் போட்டால், அவற்றை ஒட்டவைக்கிற வேலை தூங்காமல் வந்து நிற்கிற ஒரு பெண் தலையில் விழுகிறது. அவரால் முடியாதபோது நாம் அதற்கு ஒரு பெயர் வைத்து ஃபைலில் எழுதுகிறோம்.

ஒன்றரை நாள் போனிலேயே உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனை உடனே வேறு நாள் கொடுத்தது. பயிற்சி வகுப்பில் மாலை வகுப்பு ஒன்று இருந்தது, யாரும் கேட்காததால் சொல்லவில்லையாம். காப்பகம் மட்டும் ‘சந்திப்பு நேரம் விதிப்படிதான்’ என்று ஒற்றைக்காலில் நின்றது. அதற்கு இரண்டு வாரமும் ஒரு கடிதமும் ஆயிற்று. அப்புறம் 11 வேலையையும் திரும்பப் படித்தேன். பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்ப நிஜமாகவே தேவையானவை நான்கு. மீதி ஏழும் ‘இருந்தால் நல்லது’ வகை. அவற்றை எடுத்துவிட்டேன். இந்தத் துறையில் இருக்கிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு குடும்பத்துக்கு ஒரு காலண்டர், அதை வைத்திருக்கிற ஆள் ஒருவர். அவர் பெயரும் போன் நம்பரும் குடும்பத்திடமும் இருக்கட்டும், மற்ற அலுவலகங்களிடமும் இருக்கட்டும். புதிதாகத் தேதி போடுகிற எவரும் அவரைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

அடுத்தது கூட்டம். எங்கள் பழைய கூட்டங்களை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. மேஜையைச் சுற்றி ஏழு பேர், ஏழு ஃபைல். கதவோரக் கடைசி நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா. ஒவ்வொருவராக ரிப்போர்ட் வாசிப்போம். அவர் வாழ்க்கையில் நடந்த மோசமான விஷயங்களை அவர் முன்னாலேயே ‘தாய்’ என்று படர்க்கையில் சொல்வோம். 50 நிமிடம் கழித்து, “நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்போம். “இல்ல மேடம்.” குறிப்பில் எழுதிக்கொள்வோம்: தாயின் கருத்து கேட்கப்பட்டது.

மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை. ரிப்போர்ட் அவர் கைக்கு இரண்டு நாள் முன்பே போனது. முதலில் பேசுவது அவர். கூட யாரையாவது அழைத்து வரலாம். ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த பிறகு, மதியம் 3 மணிக்குக் கூட்டம். முதல் தடவை அவர் நான்கு நிமிடம்தான் பேசினார். ஆனால் பையன் ஏன் பள்ளிக்கு மட்டம் போட்டான் என்பது அந்த நான்கு நிமிடத்தில் தெரிந்தது. தங்கையைப் பாலர் வகுப்பில் விட்டுவிட்டு ஓடினால் இவனுக்கு நேரமாகிவிடும், தாமதமாகப் போனால் வாசலில் நிற்க வைப்பார்கள், அதற்குப் பதில் பள்ளிக்குப் போகாமலே இருக்கலாம் என்று இருந்திருக்கிறான். தலைமையாசிரியர் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஒரு கூட்டத்தில் பெரிய தப்பு நடந்தது. கவுன்சிலரிடம் அவர் தனியாகச் சொன்ன ஒரு விஷயம் கவுன்சிலர் அனுப்பிய ரிப்போர்ட்டில் இருந்தது. அதை ஒரு சக அலுவலர் பள்ளிக்காரர்கள் முன்னால் சத்தமாக வாசித்துவிட்டார். அந்த அம்மாவின் முகம் அப்படியே மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம் கவுன்சிலிங்குக்கு அவர் போகவே இல்லை. யாரைக் குறை சொல்ல? அலுவலகங்கள் தகவலைப் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து. ஆனால் எது யாருக்குப் போகும் என்பதை முதல் நாளே அவரிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் கேட்காமலேயே சொல்வேன் என்பதையும் சேர்த்துத்தான். மருத்துவ விவரம் பள்ளிக்கு எதற்கு? ‘காலையில் கொஞ்சம் தாமதமாக வரலாம்’ என்பது மட்டும் பள்ளிக்குத் தெரிந்தால் போதும்.

‘உதவிக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா?’ என்று எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. முதல் நாளே கேட்டேன். “யாரும் இல்ல மேடம்” என்றார். எழுதிக்கொண்டேன். உதவிக்கு யாரும் இல்லை என்பதற்கு, இந்தக் கோலத்தில் போய் நிற்கிற மாதிரி யாரும் இல்லை என்றும் ஒரு அர்த்தம் உண்டு என்பது அப்போது புரியவில்லை. பின்னால் ஒரு நாள் பையனிடம் வேறு மாதிரி கேட்டேன். “உனக்குக் காய்ச்சல் வந்தா அம்மா யாருக்கு போன் பண்ணுவாங்க?” யோசிக்கவே இல்லை. “பெரியத்தைக்கு.”

பெரியத்தை என்பவர் விட்டுப்போன அப்பாவின் அக்கா. தம்பி செய்த காரியத்தால் இந்தப் பக்கம் வர அவருக்கு வெட்கம், கூப்பிட இவருக்குத் தயக்கம். எங்கள் ஃபைலில் அப்படி ஒரு ஆளே இல்லை.

அவர் வந்த பிறகுதான் குடும்பக் கூட்டம் என்ற முறையை முயன்று பார்த்தோம். நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளைச் சொந்தபந்தத்திலிருந்து பிரித்து முன்பின் தெரியாத இடத்தில் வைக்கிறீர்கள், முடிவெடுக்கும்போது எங்களைக் கேட்பதே இல்லை என்று அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் எழுப்பிய குரல்தான் அதற்குப் பின்னால் இருந்தது. முறை ரொம்ப எளிது. கவலை என்ன, என்னென்ன உதவி கிடைக்கும் என்று அலுவலர்கள் முதலில் சொல்ல வேண்டும். பிறகு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். குடும்பம் தனியாகப் பேசித் திட்டம் போடும். பிள்ளைக்கு அது பத்திரம்தானா என்று பார்த்து ஒப்புக்கொள்வதுதான் நம் வேலை.

வெளியே போவது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். 1 மணி 40 நிமிடம் வராந்தாவில் நின்றேன். உள்ளே சத்தம். யாரோ அழுதார்கள். ஒரு நாற்காலி இழுபட்டது. இரண்டு தடவை கதவுப்பிடி வரைக்கும் கை போய்விட்டது. திறந்து பார்த்தால் பெரியத்தை ஒரு நோட்டுத்தாளில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். அம்மாவுக்கு வேலை இருக்கிற நான்கு இரவும் அவர் வந்து படுத்துக்கொள்வார். காலையில் சின்னவளை அவரே பாலர் வகுப்பில் விட்டுவிடுவார், பையன் நேராகப் பள்ளிக்குப் போகலாம். மனசு சரியில்லாத நாளில் அம்மா போனில் ஒரே ஒரு வார்த்தை அனுப்பினால் போதும், எதுவும் கேட்காமல் அவர் கிளம்பி வந்துவிடுவார். அந்த வார்த்தை என்ன என்று எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இந்தக் கடைசி ஏற்பாடு என் 11 வேலைத் திட்டத்தில் எந்த ஜென்மத்திலும் வந்திருக்காது.

எழுதுகிற மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘குழந்தைகள் மீது அக்கறையின்மை’ என்று எழுதினால் ஒரு அம்மாவால் என்ன செய்ய முடியும்? கோபப்படலாம், அழலாம், அவ்வளவுதான். ‘அந்த மாதம் மூன்று இரவு, 4 வயதுக் குழந்தை 9 வயது அண்ணனோடு மட்டும் இருந்தது, தீப்பிடித்தாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ பெரியவர் யாரும் இல்லை’ என்று எழுதினால் அதற்குத் தீர்வு யோசிக்கலாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1990களில் ஆண்ட்ரூ டர்னெல், ஸ்டீவ் எட்வர்ட்ஸ் இருவரும் கள அலுவலர்களோடு சேர்ந்து உருவாக்கிய முறையில் மூன்று கேள்விகள் உண்டு. நமக்கு என்ன கவலை? எது நன்றாக நடக்கிறது? என்ன நடக்க வேண்டும்? கூடவே 0 முதல் 10 வரை ஒரு அளவுகோல். பிள்ளையின் பாதுகாப்புக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று எல்லாரையும் கேட்க வேண்டும். ஒரு கூட்டத்தில் நான் 6 போட்டேன், அம்மா 5 போட்டார். என்னைவிடக் குறைவாக! ஏன் என்று கேட்டால், நான் யோசிக்காத ஒரு கதவுப் பூட்டைப் பற்றிச் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு, குடும்பம் சொல்வதை நம்பினால் போதும் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது என் தப்பாகிவிடும். என் அனுபவத்திலேயே மறுபக்கமும் இருக்கிறது. இன்னொரு வீட்டில் ஒரு மாற்றாந்தந்தை. எந்தக் கூட்டத்தையும் விடமாட்டார், போன் போட்டால் முதல் மணியில் எடுப்பார், ரிப்போர்ட்டில் ‘முழு ஒத்துழைப்பு’ என்று எழுதினேன். எப்போது போனாலும் பிள்ளை அவர் பக்கத்திலேயே இருக்கும். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க எனக்கே சங்கடமாக இருந்தது, அவ்வளவு நல்ல மனிதராகத் தெரிந்தார். பிள்ளையின் முதுகைப் பார்த்தது ஒரு நர்ஸ், தடுப்பூசி போடப் போன இடத்தில்.

லண்டனில் 2000ஆம் ஆண்டு இறந்துபோன விக்டோரியா க்ளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமியைப் பற்றி இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். பெற்றோர் ஐவரி கோஸ்ட்டில். நல்ல படிப்பு கிடைக்கும் என்று உறவுக்காரப் பெண்ணை நம்பி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண்ணும் அவரோடு வாழ்ந்த ஆணும் செய்த கொடுமையில்தான் பிள்ளை இறந்தது. நான்கு சமூக சேவைத் துறைகள், இரண்டு மருத்துவமனைகள், காவல்துறை என்று எல்லார் கண்ணிலும் பட்ட பிள்ளை. காப்பாற்ற 12 வாய்ப்புகள் இருந்தன, அத்தனையும் தவறிப்போயின என்று லார்ட் லேமிங் தலைமையிலான விசாரணை 2003இல் சொன்னது. அதன்பிறகு இங்கிலாந்தில் 2004இல் சட்டத்தையே மாற்றினார்கள். அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசாமல் இருந்தால் ஒரு வீட்டில் அம்மாவை அலைக்கழிக்கும், இன்னொரு வீட்டில் பிள்ளையையே பலி வாங்கும்.

அதனால் ஒவ்வொரு முறை போகும்போதும் பிள்ளையைத் தனியாகப் பார்க்கிறேன், பிள்ளைக்கு வருகிற மொழியில் பேசுகிறேன், எவ்வளவு நல்ல குடும்பமாகத் தெரிந்தாலும். ‘இது எல்லா வீட்டுக்கும் செய்வதுதான்’ என்று முதல் நாளே சொல்லிவிட்டால் சங்கடம் இல்லை. வீட்டில் அடி உதை இருந்தால் அடித்தவரையும் அடி வாங்கியவரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைப்பதில்லை. அங்கே குடும்பக் கூட்டம் என்ற பேச்சே கிடையாது.

இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பெற்றோருக்குக் கொஞ்சம். ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் பேசினார்கள், என்ன தேதி, என்ன சொன்னார்கள், மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். அலுவலர் மாறிக்கொண்டே இருப்பார், உங்கள் நோட்டு மாறாது. கொடுத்த நேரத்தில் வர முடியாது என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். ஒரு குறுஞ்செய்தி போதும். ஃபைலில் ‘வரவில்லை’ என்பதற்கும் ‘வேறு நேரம் கேட்டார்’ என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காகிதத்தை நீட்டினால் “வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிச்சிட்டுத் தரலாமா?” என்று கேட்கலாம், அதில் தப்பே இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது: “இந்தக் கேஸை மூடணும்னா எங்க வீட்டுல நீங்க என்ன பார்க்கணும்?” பதிலை உங்கள் நோட்டில் எழுதி, அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டுங்கள். தெளிவாகப் பதில் சொல்ல முடியாத அலுவலர் வீட்டுக்குப் போய் யோசிப்பார். நான் யோசித்திருக்கிறேன்.

உரிமை என்று கேட்டால் சண்டைக்காரர் என்று நினைப்பார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. சிலர் நினைப்பார்கள்தான். ஆனால் 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையே இதைச் சொல்கிறது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கிற விசாரணையில் சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் கலந்துகொண்டு கருத்துச் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்பது 9ஆவது பிரிவு. பிள்ளை சொல்வதற்கும் காது கொடுக்க வேண்டும் என்பது 12ஆவது பிரிவு. வளர்க்கிற பொறுப்பை நிறைவேற்றப் பெற்றோருக்கு அரசு உதவ வேண்டும் என்பது 18. வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிக்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டி நெறிகளும் சொல்கின்றன. கூட்டத்தில் பிரிவு எண்ணைச் சொல்லி மேஜையைத் தட்ட வேண்டியதில்லை. நீங்கள் கேட்பது யார் தயவும் இல்லை என்று மனதுக்குள் இருந்தால் குரல் நடுங்காது.

பிள்ளைகள் ஏழாவது மாதம் வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் போய்வந்துகொண்டிருந்தேன். நடுவில் ஒரு மோசமான வாரமும் இருந்தது. அம்மா வேலைக்குப் போகாமல் படுத்தே கிடந்தார். அந்த ஒரு வார்த்தை போயிருக்கிறது, பெரியத்தை வந்திருக்கிறார். எனக்குத் தெரிந்ததே நான்கு நாள் கழித்து, அதுவும் அம்மாவே சொல்லி.

கேஸை மூடுகிற அன்று முழு ஃபைலையும் அவர் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்து, “இந்த வார்த்தையை எடுக்க முடியுமா மேடம்?” என்றார். முடியாது. ஏற்கெனவே எழுதியதை அழிக்க விதியில் இடமில்லை. புதிதாகச் சேர்க்க இடம் உண்டு. கட்டம் போட்ட அந்த வெள்ளைத்தாளைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதை இணைத்து, அந்த 9 தேதிகளிலும் வேறு எந்த அலுவலகம் அவரை எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருந்தது என்று பக்கத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். அப்புறம் ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்று கேட்டு வாங்கி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.